மிச்சம் மேடையில்

மச்சான்,

போன சனிக்கிழமை ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் ஒரு கலியாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம் வாசலில் வைத்திருந்த புகை மெஷினைப் போட்டார்கள். வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து எங்கள் மேசைக் கால்களுக்குள் வந்தது. இனிப்பும் கருகலும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன்னுடைய நினைவு வந்தது. வந்தது என்று மட்டும்தான் சொல்லலாம். நெஞ்சை அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை. கையில் இருந்த கட்லட்டைக் கடித்துக்கொண்டே, இது நாங்கள் வேலை செய்த கிளப்பில் மணக்கிற மணமல்லவா என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் வீட்டு பேஸ்மன்ற் ஒழுகுகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் தலையாட்டினேன்.

மேடையில் உன்னுடைய இசைக்குழுதான். உன் இடத்தில் வேறொருவன் கிற்றார் வாசிக்கிறான். கெட்டிக்காரன், குறை சொல்ல ஒன்றுமில்லை. உன்னிடம் எப்போதும் கேட்கிற அதே பழைய சினிமாப் பாட்டைத்தான் அவனிடமும் கேட்டார்கள். அவனும் வாசித்தான், சனமும் எழும்பி ஆடியது.

நீ போய் இது இரண்டாவது குளிர்காலம். இவ்வளவு நாளும் உனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்றுதான் இருந்தது. இன்றைக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த மணம் வந்தபடியால் எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஆறேழு பேராக ஒரே அப்பார்ட்மன்றில் அடைந்து கிடந்த நாட்கள் அவை. நீதான் முதலில் குயின் வீதிக் கிளப்பில் வேலை எடுத்தாய், பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். முன்பு சினிமாத் தியேட்டராக இருந்த கட்டடம். நீ வெறும் கிளாஸ்களைப் பொறுக்குகிறவன், நான் பாருக்குப் பின்னால் ஐஸும் பியர்ப் பெட்டியும் தூக்குகிறவன். அங்கே வந்து வாசித்த கூட்டங்களைப் பார்த்து நான் முதல் நாள் பயந்தே போனேன். ஆம்பிளைகள்தான், ஆனால் தலைமயிரை ஊதிப் பெருப்பித்து, கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, தோலோடு ஒட்டின காற்சட்டை போட்டிருந்தார்கள். அதற்குக் கிளாம் மெட்டல் என்று பெயர் என்றாய். எண்பதுகளில் ஏரிக்கரை ஸ்டேடியத்தை நிரப்பினவர்களாம். பிறகு கிழிந்த ஜீன்ஸோடு அழுமூஞ்சியாகப் பாடுகிறவர்கள் வந்து இவர்களை ரேடியோவில் இருந்து துரத்திவிட்டார்கள். துரத்தப்பட்டவர்கள் எங்கள் கிளப்புக்கு வந்து சேர்ந்தார்கள், நாற்பது வயது வயிற்றை அதே பழைய காற்சட்டைக்குள் திணித்துக்கொண்டு. கப்பலில் வேலை செய்த உன் மாமா யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த கசெற்றுகளில் கேட்ட குரல்கள் எல்லாம் கண்முன்னே வந்து நிற்கின்றன என்று உனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

சேர்ந்த முதல் கிழமையே மனேஜர் ஒரு விதி சொன்னார். பாடகர் மைக்கைப் பிடித்து, அடுத்தது எங்கள் புது அல்பத்தில் இருந்து என்று சொன்னால், எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பாருக்கு ஓடிவர வேண்டும். சனம் அந்த நேரத்தில்தான் பியருக்கும் கக்கூசுக்கும் எழும்பும். அதனால் பின்னேரமே இசைக்குழுக்காரரைப் பிடித்து, புதுப்பாட்டு எத்தனை, எந்தெந்த இடத்தில் என்று விசாரித்து வைத்துக்கொள்வார். அதற்கு முந்தின பாட்டு முடிகிறபோதே நான் கப்புகளில் பியரை ஊற்றி வரிசையாக அடுக்கத் தொடங்கிவிடுவேன். எத்தனையோ பாடகர்களின் புதுப்பாட்டுகள் என் முதுகுக்குப் பின்னால் போயிருக்கின்றன. ஒன்றுகூட நினைவில் இல்லை.

உனக்கு அந்த விதி பிடிக்கவே இல்லை.

“டேய், உவன் பழைய பாட்டை நித்திரையிலயும் பாடுவான். உந்தப் புதுசைத்தான் பயந்து பயந்து பாடுறான். அதைக் கேக்க விடாமல் என்னைக் கிளாஸ் பொறுக்க விடுறாங்கள்.”

“அவன் பயந்து பாடுறதை நீ ஏன் கேக்கவேணும்? வந்த வேலையைப் பார்,” என்றேன் நான்.

நீ அடங்கவில்லை. மேடைச் சத்தத்தைச் சரிபார்க்கிற பின்னேர நேரத்துக்கே போகத் தொடங்கினாய், சம்பளம் இல்லாமல். அந்த நேரத்தில் மண்டபம் வெறுமையாக இருக்கும், புதுப்பாட்டை முழுதாகப் பாடிப் பார்ப்பார்கள் என்பது உன் கணக்கு. நானும் கூட வந்தேன். பாட்டுக்காக இல்லை. எங்கள் அறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை, கிளப்பில் வேலை செய்தது.

அந்தப் பாடகரை உனக்கு நினைவிருக்கும். இரவில் தோள்வரை பொன்னிறப் பொய்மயிரோடு குதிக்கிறவர், பின்னேரம் மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியும் மூக்கில் வாசிப்புக் கண்ணாடியுமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் குந்தியிருந்தார். ஏதோ ஒரு வங்கியின் மனேஜரைப் போல இருந்தார். ஒரு கிற்றாரை மட்டும் வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் ஒன்றைப் பாடினார். என் இங்கிலிஷுக்கு அது பிடிபடவில்லை. நீ தரை துடைக்கிற மொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் காதுக்குள் சொன்னாய்.

“மகள் தன்னோட கதைக்கிறேல்லையாம். போன் எடுத்தால் தாயிட்டைக் குடுக்கிறாளாம்.”

பாட்டு முடிந்ததும் நீ கை தட்டினாய். மொப் விழுந்து படார் என்று சத்தம் போட்டது. அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்டேடியத்தைப் பார்த்துக் குனிகிற மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் குனிந்தார்.

அன்றிரவு அந்தப் பாட்டு எட்டாவதாக வர வேண்டும் என்று மனேஜர் சொல்லியிருந்தார். நான் பியரை ஊற்றி அடுக்கிவிட்டேன். ஏழாவது முடிந்தது. பொன்னிற மயிரோடு அவர் மைக்கைப் பிடித்தார். சனத்தில் பாதி ஏற்கெனவே பாரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, புதுப்பாட்டு என்று சொல்லாமலே ட்ரம் அடிக்கிறவனுக்குத் தலையை ஆட்டினார். எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெரிய பாட்டு தொடங்கியது. திரும்பின சனம் கூவிக்கொண்டு மேடைக்கு ஓடியது. நான் ஊற்றி வைத்த பியர் எல்லாம் நுரை அடங்கிப் போய்க் கிடக்க, மனேஜர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நீ கிளாஸ் தட்டோடு நடுமண்டபத்தில் நின்றாய்.

அதற்குப் பிறகு எல்லாரும் கிழக்கே நகர்ந்தோம். நீ மல்வேர்னில் உன் அக்காவோடு, நான் மார்க்கம் நகரில் ஒரு கம்பனியில். பகலில் நீ தொழிற்சாலை ஷிப்ட், சனி ஞாயிறுகளில் இசைக்குழு. கலியாணம், பூப்பெய்தின பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஓய்வில்லை. அந்தப் பழைய சினிமாப் பாட்டின் தொடக்கத்தில் வருகிற கிற்றார்த் துண்டை நீ வாசிக்கிற விதம் ரொறன்ரோ முழுக்கப் பிரபலம். எங்கே போனாலும் ஒரே கேள்விதான். “அண்ணை, அந்தப் பாட்டைப் போடுங்கோ!” நீ சிரித்துக்கொண்டு போடுவாய். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டிப் போகாது என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

நீ சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருந்தாய். பார்க்டேல் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையைப் பற்றி. எங்கள் எல்லாருடைய உடுப்பையும் ஒரே மெஷினில் அடைத்துவிட்டு அதற்கு முன்னால் குந்தியிருப்போமே, அதைப் பற்றி. ஒரு நாள் உன் அறையில் எனக்குப் பாடிக் காட்டினாய்.

சுற்றுது சுற்றுது என்ரை சட்டை
ஆரின்ரையோ சட்டையைக் கட்டிக்கொண்டு
காசு போட்ட மட்டும்தான் இந்தக் கூத்து
காய்ஞ்ச பிறகு ஆர் ஆரோ

அதோடு நிறுத்திவிட்டாய்.

“மிச்சம்?”

“மிச்சம் மேடையிலதான். அறைக்குள்ள பாடி முடிச்சால் அது பழசாப் போயிடும்.”

எவ்வளவு கெஞ்சியும் நீ பாடவில்லை. குழுவில் இருந்தவர்களுக்கும் மெட்டை மட்டும்தான் கொடுத்திருந்தாய், சொற்களைக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு கலியாணம். காலையிலேயே போன் எடுத்துச் சொன்னாய். “இண்டைக்குப் பாடப்போறன். ஆர் எழும்பினாலும் பரவாயில்லை. நீ மட்டும் எழும்பாத.” நான் முன்வரிசை மேசையில் போய் இருந்தேன். மேசையில் இருந்த தண்ணீரை எல்லாம் குடித்து முடித்தேன், பாடப்போகிறது நான்தான் என்கிற மாதிரி. நீ மைக்கைப் பிடித்து, “அடுத்தது நான் எழுதின ஒரு புதுப்பாட்டு” என்றாய். அவ்வளவுதான். கதிரைகள் இழுபடுகிற சத்தம் பின்னால் இருந்து கேட்டது. அதே நேரம் சாப்பாட்டுக்காரரும் தட்டு மூடிகளைத் திறந்துவிட்டார்கள். இறைச்சிக் கறி வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. முன்வரிசை மேசைகளில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். நீ என்னைப் பார்த்தாய், நானும் உன்னைப் பார்த்தேன். உன் விரல்கள் கம்பியில் இருந்தன. பிறகு அந்தப் பழைய பாட்டின் தொடக்கம் கேட்டது. வரிசையில் நின்ற சனம் தட்டுகளோடு திரும்பி விசிலடித்தது.

திரும்பிப் போகிறபோது காரில் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

“நான் இருந்தனான்தானே! எழும்பேல்லையே!”

“ஓம் மச்சான், நீ இருந்தனீ,” என்றாய். “நீயும் எழும்பியிருந்தால் பாடியிருப்பன். ஒருத்தன் மட்டும் பாவம் பார்த்து இருக்கிறதைக் கண்டுகொண்டு பாடுறது கஷ்டம்.”

அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை மண்டபம் நிறைய ஆட்களைக் கட்டி வைத்தாவது உன்னைப் பாட வைக்கிறேன் என்று பகிடியாகச் சொன்னேன். நீ சிரித்தாய். அடுத்த முறை வரவில்லை.

உன் அக்கா எனக்குப் போன் எடுத்தபோது நான் வேலையில் இருந்தேன். ஷிப்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டாயாம், நெஞ்சுவலியாம், அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் சரி அக்கா என்றேன். போனை வைத்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. செத்தவீட்டிலும் நான் அழவில்லை. உன் முகத்துக்குப் பவுடர் அப்பி, உதட்டுக்கும் கொஞ்சம் சாயம் தடவியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கை மல்வேர்னில் அக்காவின் கட்டடத்துப் பார்ட்டி அறையில் வைத்தார்கள். நிறையச் சனம். தேவாரம் பாடி முடிந்தபிறகு உன் குழுக்காரர் அந்தப் பழைய சினிமாப் பாட்டை மெதுவாக வாசித்தார்கள். பொம்பிளைகள் மூக்கைச் சிந்தினார்கள். அது முடிந்ததும் கீபோர்ட் வாசிக்கிற ரவி என்னிடம் வந்தான்.

“அண்ணை, அவரின்ரை சொந்தப் பாட்டின்ரை மெட்டு எங்களுக்குத் தெரியும். சொல்லுகள் உங்களுக்குத் தெரியுமாமே?”

தெரியும் என்றேன். மைக்கை என் கையில் தந்துவிட்டான். எனக்குப் பாட வராது என்பது உனக்குத் தெரியும். தவளை கத்துகிறது என்று நீயே சிரிப்பாய். ரவி மெட்டைத் தொடங்க, நான் அந்த நான்கு வரிகளையும் பாடினேன், மாற்றாமல், நீ பாடின மாதிரியே. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அத்தனை சனமும் அப்படியே இருந்தது. ஒரு கதிரை அசையவில்லை. மரியாதைக்கா, சாப்பாடு வரப் பிந்தியதாலா, எனக்குத் தெரியாது. ஒருவரும் எழும்பவில்லை மச்சான். எல்லாரும் அடுத்த வரிக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரவி மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தான். உன் அக்கா முன்வரிசையில் இருந்து கேட்டார். “பாடு தம்பி. மிச்சம்?”

“தெரியாது அக்கா,” என்றேன்.

இப்போது காலையில் மார்க்கத்துக்கு வேலைக்குக் கார் ஓட்டுகிறபோது சில நாட்களில் என்னை அறியாமல் அந்த நான்கு வரிகளும் வாயில் வருகின்றன. மேலே சொந்தமாக ஒரு வரி போட்டுப் பார்க்கலாம், யார் கேட்கப் போகிறார்கள். மனம் வருவதில்லை. ஆர் ஆரோ என்கிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன். எனக்குள் மற்ற எல்லா இடமும் விறைத்துப் போய்த்தான் கிடக்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் இன்னும் நோகிறது.