அப்பாவுக்கு ஒரு வரி

புதுப்பாளையம், ராசிபுரம் வழி
12-4-1978

அன்புள்ள மாமாவுக்கு,

சௌந்திரம் எழுதுவது. அத்தைக்கு மூட்டுவலி இருக்கிறது. "மகனுக்கு எழுதறப்ப சுகம்னே எழுது" என்று சொன்னதால் சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சுகம். கிணறுதான் சுகமில்லை, மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றுதான் வருகிறது.

டீசல் என்ஜின் பயிற்சி தை மாதத்தோடு முடிகிறது, பங்குனியில் ஊரில் இருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். பங்குனியும் முடியப் போகிறது. உங்களோடு ஜெர்மனி வந்த நாமக்கல்காரர் திரும்பி வந்து வேலைக்கும் போய்விட்டார். நீங்கள் மட்டும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதாக அவர்தான் சொன்னார். அத்தை நம்பவில்லை. "எம் மகனா பை தூக்கறான்? சந்தைக்குப் போனா கூடைய நானில்ல தூக்கிட்டு வரோணும்" என்கிறார்கள். நான் உடனே நம்பிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் நர்சு படிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது! மூன்று வருஷம், விடுதியும் சாப்பாடும் அங்கேயே. ஆகஸ்டு தொடக்கத்தில் சேர வேண்டும். அப்பாவிடம் உத்தரவைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீ அர்த்தநாரிக்குன்னு பேசி வெச்ச புள்ள. அவன் போகச் சொன்னா மவராசியாப் போ. அவன் சொல்லாம நான் எப்படி அனுப்பறது?" என்றார்.

ஆகவே நீங்கள் அப்பாவுக்கு ஒரு வரி எழுத வேண்டும். "சௌந்திரம் படிக்கட்டும்" என்று எழுதினால் போதும். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை மாமா. பஸ் சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு ரோடுவரை போய்விடுகிறேன். பஸ் போன பிறகு, எதற்கு வந்தோம் என்று நின்று யோசிக்கிறேன்.

உங்கள்
சௌந்திரம்


கொலோன், மேற்கு ஜெர்மனி
20-5-1978

என் அன்புக்குரிய சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் என் பழைய அறைக்குப் போய், நண்பன் கையால் என்னிடம் வந்து சேர்ந்தது. நேற்று ஒரு நாள் இந்த ஊரில் எனக்குக் கிடைத்ததே, அதை இன்றே எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ரயிலை விட்டிறங்கி வெளியே கால் வைத்தால் எதிரே மாதா கோயில். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. கொல்லன் பட்டறைக் கூரை மாதிரி முழுக்கக் கரி ஏறிக் கிடக்கிறது. பையை ஸ்டேஷனில் வைத்துவிட்டுக் கோபுரத்தில் ஏறினேன். சுருள் படி, ஏற ஏற முடியவில்லை. எனக்கு முன்னால் போன கிழவி நிற்காமல் போனாள், வெட்கப்பட்டு நானும் நிற்காமல் ஏறினேன். உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே ரைன் ஆறு, காவேரியில் தண்ணீர் நிறைந்து போகும்போது இருக்கிற அகலம். ஆற்றுமேல் இரும்புப் பாலம், அதில் நிமிஷத்துக்கொரு ரயில். ஒவ்வொரு ரயிலைப் பார்க்கும்போதும், அடடா, நாம் அதில் இல்லையே என்று இருந்தது. எனக்கு என்னமோ வியாதி பிடித்திருக்கிறது சௌந்திரம். ஓர் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த ஊர் கூப்பிடுகிறது.

மத்தியானம் அந்தப் பாலத்தில் நடந்தே அக்கரைக்குப் போய்த் திரும்பினேன். வழியில் யான் என்று ஒரு ஹாலந்துக்காரன் சேர்ந்துகொண்டான். அவனும் முதுகுப் பைக்காரன்தான். சாயங்காலம் என்னை ஒரு பீர்க்கடைக்கு இழுத்துப் போனான். இங்கே பீர் சிறிய ஒல்லித் தம்ளரில் வருகிறது, நான்கு மடக்குத்தான். குடித்து வைத்ததும், பரிமாறுகிறவர் கேட்காமலேயே இன்னொன்று வைத்தார். கல்யாணப் பந்தியில் பெண் வீட்டார் வைத்ததை வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுமே, அப்படி நினைத்து மரியாதைக்குக் குடித்தேன். உடனே இன்னொன்று. கையெடுத்துக் கும்பிட்டு, "போதுங்க, வயிறு நெறஞ்சிருச்சுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு இன்னொன்று வைத்தார். என்ன உபசாரம், என்ன ஜனங்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது! பிறகுதான் யான் சொன்னான், போதும் என்றால் தம்ளருக்கு அடியில் வைக்கிற அட்டையால் அதை மூட வேண்டுமாம். மூடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். அதற்குள் எனக்கு மேசை இரண்டாகத் தெரிந்தது. விடுதிக்கு யான்தான் தோளில் தாங்கிக் கொண்டுபோனான்.

அவனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஊரில் எனக்கென்று ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். "அவள் என்ன செய்கிறாள்?" என்று கேட்டான். "எனக்காகக் காத்திருக்கிறாள்" என்றேன். கொடுத்து வைத்தவன் என்று என் முதுகில் தட்டினான்.

படிப்பு விஷயமெல்லாம் கடிதத்தில் எதற்கு? நேரில் பேசிக்கொள்ளலாம். அடுத்து வடக்கே போகிறேன்.

உன் அன்பு
அர்த்தநாரி


புதுப்பாளையம்
3-6-1978

மாமாவுக்கு,

வெளிநாட்டுத் தபால் யார் பேருக்கு வந்தாலும் நம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் பிரிப்பது. இது தெரிந்துமா அப்படி எழுதினீர்கள்? சுப்பையன் சித்தப்பாதான் உரக்கப் படித்தார். கோபுரம் ஏறும்வரை எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். பீர் வந்ததும் சித்தப்பா நிறுத்தி அப்பாவைப் பார்த்தார்.

"அது என்ன சாமி, மருந்துங்களா?" என்று அத்தை கேட்டார்கள்.

"ஆமாங்க அக்கா, மருந்துதான். குளுருக்குக் குடிக்கறது" என்றார் சித்தப்பா.

அப்பா விடவில்லை. "இங்க மதுவிலக்குப் போட்டு, ஒளிஞ்சு குடிச்சவனெல்லாம் செயில்ல கெடக்கறான். இவன் மரியாதைக்குக் குடிச்சானாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு பீர் மேல் கோபமில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கோபுரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களுக்குப் பிடித்திருக்கிற வியாதி எனக்கும் இருக்கிறது, எனக்கு மருந்துதான் இல்லை. கோபம் வேறு இடத்தில். அந்த ஹாலந்துக்காரர் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாரே, பி.யு.சி. முடித்து நர்சு படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாமே? என் கடிதம் அப்போது உங்கள் பையில்தானே இருந்தது?

அப்பா இப்போது இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். "கட்டிக்கறதுன்னா வரட்டும். இல்லீன்னா முறைக்காரன் வந்து வெத்தலைத் தட்ட எடுத்துட்டு, எனக்கு வேண்டாமுங்க மாமான்னு வாயத் தொறந்து சொல்லட்டும். அவன் சொல்லு இல்லாம புள்ள வாசலத் தாண்டாது" என்கிறார். முறைப்பையன் தட்டை எடுத்தால்தான் பெண் விடுபட்டவள் என்கிற வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

வாருங்கள். இல்லையென்றால் விடுங்கள். இரண்டும் முடியாதென்றால் படிக்கட்டும் என்று எழுதுங்கள். எது வந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்றுமே வராமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சௌந்திரம்


ஹாம்பர்க்
1-7-1978

என் சௌந்திரத்துக்கு,

பீர் விஷயம் என் முட்டாள்தனம். மாமா காலில் விழுந்ததாக உன் அப்பாவிடம் சொல். அம்மாவிடம் சித்தப்பா சொன்ன மருந்தையே நீயும் சொல்லிவிடு.

இது துறைமுகப் பட்டணம். காலையிலிருந்து கப்பல்களைப் பார்த்தபடி இருக்கிறேன். ஒன்றில் கூலியாளாக ஏறிக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. நார்வே போகிறதாம். ஐப்பசிக்குள் நிச்சயம் வந்துவிடுவேன்.

நர்சு படிப்பு வேண்டாம். உன்மேல் சந்தேகம் கிந்தேகம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். தெரியாத ஊரில், பாஷை தெரியாத ஜனங்களுக்கு நடுவே படுக்கும்போது சில நாள் பயமாக இருக்கிறது. அப்போது நம் வீட்டு வாசலையும் அதில் நீ நிற்பதையும் நினைத்துக்கொள்வேன். பயம் போய்விடும். நீ அங்கே இருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான் நான் சுற்றுகிறேன். நீயும் கிளம்பிவிட்டால் நான் எங்கே திரும்பி வருவது? கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணு. மாமாவிடம் நானே நேரில் பேசுகிறேன்.

என்றும் உன்
அர்த்தநாரி


சென்னை
9-8-1978

அன்புள்ள மாமாவுக்கு,

உறையின் மேல் இருக்கும் ஊரைப் பார்த்திருப்பீர்கள். நான் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தையும் சுப்பையன் சித்தப்பாதான் படித்தார். கடைசிப் பகுதியை அவர் மெதுவாகப் படித்தார். அப்பா, "சொல்லிட்டானில்ல, போய் வேலயப் பாரு" என்றார். நான் உள்ளே போய் வெற்றிலை பாக்கைத் தட்டில் எடுத்து வந்து அத்தைக்கு முன்னால் வைத்தேன். நேராக அவர்களிடமே சொன்னேன்.

"அத்தை, உங்க மகன் உடலீங்க. நான் உட்டுட்டேனுங்க."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பொட்டப்புள்ள முறைய உடறதுன்னு எந்த ஊருல இருக்குது?" என்று கத்தினார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அத்தை தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பிறகு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அவன் எடுக்க வேண்டியத அவனப் பெத்தவ எடுத்துக்கறேன். முறை தீந்துதுங்க அண்ணா. புள்ளய பஸ் ஏத்தி உடுங்க" என்றார்கள்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் கிளம்புகிற நாளில் என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரோடுவரை வந்தார். அத்தை பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உங்களுக்காக அழுதார்களா, எனக்காகவா, கேட்கவில்லை.

எனக்கு உங்கள்மேல் ஆசை இருந்தது மாமா. அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். இங்கு வந்த முதல் ராத்திரி போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் உங்கள் பயத்துக்காக நான் ஆயுசு முழுக்க வாசலில் நிற்க முடியாது. எனக்கும்தான் பயமாக இருக்கிறது. இந்த ஊர்ப் பேச்சு பாதி புரியவில்லை, வார்டில் மருந்து வாடை குமட்டுகிறது, ரோட்டைக் கடக்கத் தெரியாமல் விழிக்கிறேன். அப்படியே பயந்துகொண்டு போய்வருகிறேன்.

அத்தைக்கு மாதம் தவறாமல் எழுதுங்கள். மூட்டுவலி அதிகமாகிவிட்டது, அவர்கள் சொல்ல மாட்டார்கள். நீங்கள் நார்வே போனாலும் சரி, அதற்கு அப்பால் போனாலும் சரி, எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வாருங்கள். அத்தை இருப்பார்கள். அப்பா இருப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சோறு போடச் சொல்வார். நான் இருக்க மாட்டேன், மாமா.

இப்படிக்கு,
செ. சௌந்திரம்