சப்போர்ட் டீம்

பெருமாநல்லூர்
1.9.2025

மாப்ள சென்னிமலைக்கு,

சிவராஜ் எழுதறேன். துணி வேன்ல பில்லுக்கு அடியில லெட்டர் வெச்சு அனுப்பறானேன்னு சிரிக்காதே. போன்ல எதை எழுதினாலும் ஊரே படிக்குது.

கோவா போட்டிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நாலு பேரும் தனித்தனியாப் பண்ணிட்டிருந்தா ஆகாது. 13, 14 சனி ஞாயிறு குண்டடம் போறோம். என் மச்சான் தோட்டத்துல பண்ணைக்குட்டை இருக்குது, நீளம் சரியா அம்பது மீட்டர். முப்பத்தெட்டு தடவை போனா போட்டி நீச்சல் கணக்கு. ஞாயித்துக்கிழமை காத்தாலை நிக்கற ரோட்டுல சைக்கிள். எதிர்காத்துல மிதிச்சா நம்ம தங்கராஜ் பாத்திரக்கடையையே மறந்திருவான். எம்ப்ராய்டரி முருகேஷ் இப்பவே முட்டியப் புடிச்சுட்டு ஒரு மாதிரி நடக்கறான்.

டீம் டி-சர்ட் நான் தெச்சுத் தர்றேன். நேவி ப்ளூவுல நாலு கிலோ துணி நீ சாயம் போட்டு அனுப்பு. சைஸ் சொல்லு.

உன்
சிவராஜ்


அனுப்பர்பாளையம்
4.9.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

துணி இந்த வேன்லயே வருது. சாம்பிள் மெஷின்ல நானே நின்னு போட்டது. வேர்வை பட்டாலும் கலர் இறங்காது.

சைஸ் L. நல்லாப் படி, L. போன பொங்கலுக்கு நீ குடுத்த சட்டை XXL. கிருத்திகா நம்பாம டேப் வெச்சு மூணு தடவை அளந்தா. "அப்பா, நீங்க பாதி ஆளாயிட்டீங்க"ங்கறா.

நீச்சல்தான் பயம். நாப்பத்தாறு வயசுல தண்ணிக்குள்ள எறங்கினவன் நான். எருமைகூட நேராப் போகும், நீங்க கோணலாப் போறீங்கன்னு கோச் சொல்றான். சொல்லட்டும். எழுபது நிமிசத்துக்குள்ள கரையேறணும், இல்லைன்னா போட்டியில இருந்து வெளியே அனுப்பிருவாங்களாம். நான் இப்ப அறுபத்தெட்டுக்கு வந்துட்டேன்.

பனியன் கம்பெனியில ஒரே டேபிள்ல நீயும் நானும் கைமடியா நின்னு, அடுத்தவன் தைக்கற துணிய மடிச்சு மடிச்சுக் குடுத்தமே. அந்த ரெண்டு பேரும் ஒண்ணா அந்தக் கோட்டைத் தாண்டணும்டா. எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்லை.

உன்
சென்னிமலை


அனுப்பர்பாளையம்
16.9.2025

சிவராஜுக்கு,

வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒண்ணையே யோசிச்சுட்டு இருக்கறேன். கேட்டுடறேன்.

சனிக்கிழமை நீ கரையில உக்காந்து எண்ணினே. முப்பத்தெட்டு முடிச்சாச்சுன்னு நான் நின்னப்ப அறுபத்தேழு நிமிசம். "முப்பத்தாறுதான்டா ஆச்சு, இன்னும் ரெண்டு"ன்னே. நீ சொன்னா சரியா இருக்கும்னு திரும்பப் போனேன். ஏறினப்ப எழுபத்தொண்ணு. "கடல்ல இது ஆகாது மாப்ள"ன்னு தோள்ல கை போட்டே.

ஞாயித்துக்கிழமை காலையில சட்டை குடுத்தே. தங்கராஜ், முருகேஷ், நீ, மூணு பேருக்கும் முதுகுல பேரு. என் சட்டையில பேரு இல்லை, "சப்போர்ட் டீம்"னு அடிச்சிருந்துது. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். என்ட்ரியைக் கேன்சல் பண்ணிட்டு வேன் ஓட்டிட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டேன். சைஸ் மட்டும் சரியா L.

நேத்து கிருத்திகா என் வாட்சைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா. நாப்பது தடவை போயிருக்கறேன். எண்ணும்போது தப்பறது சகஜம்னு விட்டுருப்பேன். ஆனா சனிக்கிழமை விடியறதுக்குள்ள நாம கிளம்பியாச்சு, ஞாயித்துக்கிழமை பிரிண்டிங் லீவு. அடிச்சுக் காயவெச்சு மடிச்ச சட்டை வெள்ளிக்கிழமையே உன் கார்ல இருந்திருக்கணும். நான் தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடியே தோத்துட்டனா? சாயக்காரன்கிட்டயே இதை மறைக்கலாம்னு நினைச்சயா?

என்ட்ரியை இன்னும் கேன்சல் பண்ணலை. பதில் எழுது.

சென்னிமலை


பெருமாநல்லூர்
17.9.2025

மாப்ள,

உன்கிட்ட எதுக்குப் பொய். வெள்ளிக்கிழமை அடிச்சதுதான். ரெண்டு குறைச்சு எண்ணினதும் தெரிஞ்சேதான். நீயா விலகின மாதிரி இருந்தா உனக்கு மரியாதைன்னு அப்படிப் பண்ணினேன்.

காரணம் கேளு. என்கிட்ட சரக்கு எடுக்கற டென்மார்க் பையர் அந்தப் போட்டிக்கு வர்றான். அவனுக்கு நீச்சல், சைக்கிள்னா உசுரு. நம்ம சட்டையைப் போட்டுட்டு எங்ககூட ஓடறேன்னு சொல்லிட்டான். மூணு நாள் ஒரே ஓட்டல், ஒரே டேபிள்ல சாப்பாடு. நீ பக்கத்துல இருந்தா "உங்க பிரண்டு என்ன தொழில்"னு கேப்பான். நீ வெள்ளந்தி, சாயப்பட்டறைன்னு சொல்லுவே. அவன் துணி எந்தெந்தப் பட்டறையில சாயம் போடணும்னு அவனே ஒரு லிஸ்ட் குடுத்திருக்கறான். உன் பட்டறை அதுல இல்லை. ஆனா மூணு வருசமா அவன் துணியில பாதி உன் மெஷின்லதான் ஓடுது. உனக்கும் தெரியும். அது தெரிஞ்சா என் ஆர்டர் அத்தனையும் போச்சு.

பேரு போட்ட நாலாவது சட்டை அவனுக்குத்தான். அதையும் சேர்த்தே அடிச்சேன்.

சப்போர்ட்டுன்னா கேவலமில்லை. வேன்ல வா, பாட்டிலை நீட்டு, டிரைவர்னு சொல்லிக்கறேன். கைமடி கதையெல்லாம் எழுதறே. அதுலயே நின்னிருந்தா ரெண்டு பேரும் இன்னும் மடிச்சுட்டுத்தான் இருப்போம். நான் மேல ஏறும்போது உன்னை ஒரு கையில புடிச்சுட்டுத்தான் ஏறினேன். இப்ப ரெண்டு கையும் வேணும்.

ஒடம்பு இளைச்சதோட திருப்திப்பட்டுக்க. அதையும் மீறி போட்டி நம்பர் குத்திட்டு நீ வந்து நின்னா, அடுத்த வாரத்துல இருந்து உனக்குத் துணி வராது. இதை மிரட்டல்னு எடுத்துக்காதே. தொழில்.

உன்
சிவராஜ்


அனுப்பர்பாளையம்
19.9.2025

பெருமாநல்லூர் சிவராஜ் அவர்களுக்கு,

வணக்கமுங்க. உங்க லெட்டர் கிடைச்சுதுங்க.

மெஷின்ல இருக்கற உங்க துணி நாளைக்கு முடிஞ்சுருமுங்க. சுத்தமா அலசி, காயவெச்சு அனுப்பிடறேனுங்க. அதுக்கப்புறம் வேன் அனுப்ப வேண்டாமுங்க. லிஸ்ட்ல இல்லாத பட்டறைக்கு உங்க துணி வர்றது உங்களுக்குத்தான் ஆபத்துங்க. ரெண்டு மெஷினை நிறுத்திக்கறேனுங்க. ஆளுங்க எட்டு பேருக்கு வேற எடத்துல வேலை கேட்டிருக்கறேனுங்க.

முப்பது வருசமா உங்களை நீ, வா, போன்னே பேசிட்டேனுங்க. ஒரே டேபிள்ல நின்ன பழக்கத்துல அப்படியே வந்துருச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. இனி அப்படி வராதுங்க.

கிருத்திகா கல்யாணத்துக்கு நாள் குறிச்சா பத்திரிகை தபால்ல வருமுங்க. எல்லாப் பார்ட்டிக்கும் அனுப்பற மாதிரி உங்களுக்கும் அனுப்புவேனுங்க.

கோவாவுக்கு நான் வர்றேனுங்க. என்ட்ரியைக் கேன்சல் பண்ணலீங்க. வேற ஓட்டல்ல ரூம் போட்டிருக்கறேனுங்க. உங்க பையர் என்னைக் காட்டி அது யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிருங்க. தயங்க வேண்டியதில்லீங்க. அது பொய்யா இருக்காதுங்க.

இப்படிக்கு,
கு. சென்னிமலை
உரிமையாளர்