பத்து நாள் கட்டியிருந்த சிவப்பு

அக்கா,

காலையில் பாத்திரம் தேய்க்கும்போது மணிக்கட்டில் கட்டியிருக்கும் நூலைப் பார்த்தேன். சோப்பு நுரைக்குள்ளும் சிவப்பாகவே இருந்தது. இன்றோடு பத்து நாள். இந்த வீட்டில் இதன் அருமை தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்த நாம் இருவரும் 2007-இல் இந்தத் தொழிலைத் தொடங்கினோம். குறிஞ்சிப்பாடியில் வெள்ளை நூல் வாங்கி, கொல்லையில் அடுப்பு மூட்டிச் சாயம் ஏற்றி, கடலூரில் குரோஷா பின்னல் வகுப்பு நடத்தும் டீச்சருக்குக் கொடுத்தோம். புது நிறம் எதுவானாலும் முதலில் உங்கள் வலது கையில் கட்டிக்கொள்வீர்கள். குளியல், வியர்வை, பாத்திரம், துணி எல்லாம் பட்டு, பத்தாம் நாள் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் அந்தக் கலவை குப்பைக்கு.

நீலம் தேறியது, பச்சை தேறியது. சிவப்புதான் நம் மானத்தை வாங்கியது. அவசரப்பட்டுச் சோதிக்காமல் கொடுத்த சிவப்பில் யாரோ பின்னிய குழந்தைச் சட்டையின் வெள்ளை ஓரமெல்லாம் ரோஸாகிவிட்டது. "செவப்பு மட்டும் வேணாம்மா, மத்தத குடுங்க" என்றார் டீச்சர். நான் சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போது என்னைத் திட்டித் தீர்த்தீர்கள். "செவப்பு போடத் தெரியாதவளுக்கு சாயக்காரின்னு என்னா பேரு?"

ஐந்து முறை தோற்றோம். அதற்குள் உங்கள் வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். மூன்றாம் வாரமே நீங்கள் அடுப்பை மூட்டினீர்கள். அப்போதுதான் நம் தப்பையும் பிடித்தீர்கள். அலசும்போது சிவப்பு ஓடுவதைப் பார்க்க மனசு கேட்காமல், இரண்டு அலசலோடு நிறுத்திவந்திருக்கிறோம். "போற செவப்பு போவட்டும், நிக்கிறதுதான் நம்புளுது" என்று சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசினீர்கள். மறுநாள் அதைக் கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றதும் நம் மாமியார் எழுந்து வந்து வழிமறித்தார்.

"வளையல் எறக்குன கையில செவப்பா? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க அத்தை. ஆளுக்கு ஒண்ணு கட்டி உடுறேன்."

நான் மெதுவாக, "எங்கிட்ட குடுங்கக்கா, நான் கட்டிக்கிறேன்" என்றேன். அது உதவி இல்லை, பயம். உங்களுக்கும் தெரிந்தது. "ஒரு டம்ளர் கழுவ ரெண்டு நாளு யோசிக்கிற கையி அது. அதுல கட்டுனா சாயம் எங்கேந்து போவும்?" என்று சிரித்தீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்தாம் நாள் துணி வெள்ளையாகவே இருந்தது. டீச்சர் இருபது சிட்டம் சிவப்பு நூல் கேட்டார்.

போன மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போனபோது உங்கள் கையில் அதைவிட அடர்த்தியான புதுச் சிவப்பு இருந்தது. கட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. குளிப்பாட்ட வந்தவர்களில் ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்தாள். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ.

"கத்திரிய கீழ வைங்க. அவுங்க கைய யாரும் தொடக் கூடாது."

"செத்தவளுக்கு என்னாடி சோதனை?" என்றார் மாமியார்.

"இன்னும் ஆறு நாளு பாக்கி இருக்கு அத்தை."

அறிவுகெட்ட பதில்தான். ஆனால் கத்தரிக்கோல் கீழே போனது. உங்கள் மேல் ஊற்றிய தண்ணீரில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. சிவப்போடுதான் உங்களை அனுப்பினேன்.

என் கையில் இருப்பது அதே பாத்திரத்தில் சாயம் ஏற்றிய நூல். மீதி ஆறு நாள் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அரைகுறைச் சோதனையை நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று பத்து நாளையும் புதிதாக ஆரம்பித்தேன். இன்று மாமியார் காபி குடித்துக்கொண்டு பார்த்திருக்க, அவர் முன்னாலேயே ஈரத்துணியால் தேய்த்தேன். துணி வெள்ளை.

"நீ சுமங்கலி, தாராளமா கட்டிக்க" என்றார்.

"நாளைக்கு என்னா ஆனாலும் கழட்ட மாட்டேன் அத்தை."

எந்த நாளைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த டம்ளரை உடனே நானே கழுவி வைத்தேன், அக்கா. சாயம் போகவில்லை.