ஜெனிபரிடம் மட்டும் சொல்லவில்லை

செவ்வாய், இரவு.

இன்று பெரும்பாக்கத்தில் பயிற்சி மையத்தின் வேன் ஜெனிபர் இல்லாமலே கிளம்பிப் போனது. இருபத்தாறு வயதுப் பெண், ஆட்டிசம் உண்டு. ஒரு நாளும் தவறாமல் வந்தவள். வழக்கமான மஞ்சள் வேனுக்குப் பதிலாக இன்று முதல் வெள்ளை வேனை ஏற்பாடு செய்தது நான்தான். டிரைவரிடம் சொன்னேன், மையத்தில் சொன்னேன், அவள் அம்மாவிடமும் சொன்னேன்.

நான் போனபோது காலில் செருப்போடு, அவள் குடியிருக்கும் பிளாக்கின் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“காலைலேர்ந்து இங்கயே குந்திகினு கீது மேடம். இன்னா சொன்னாலும் எழுந்துக்க மாட்டேங்குது,” என்றார் அம்மா.

“வண்டி மாறுதுன்னு அவகிட்ட சொன்னீங்களாக்கா?”

“நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெயர் வேறு!

பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவர் அனுப்பிய வேன் படங்களைக் காட்டினேன். “ஜெனிபர், நாளைக்கு இந்த வண்டிதான் வரும்.” அவள் போனை வாங்கி, ஜன்னலோர சீட்டை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“ஜன்னல்.”

“உனக்குத்தான்.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

அந்த சீட்டை யாருக்கும் தரக்கூடாதென்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாளை வருவாள். வந்துவிடுவாள். இனி எது மாறினாலும் முதல் போன் அவளுக்குத்தான். பதில் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியவள் நான்தானே.