வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழன் காலை.

அன்புள்ள அப்பாவுக்கு, அபிராமி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? விருதுநகரில் இன்னும் வெயில்தானா? நான் நலம். இந்த வெளிநாடும் கல்லூரியும் பழகிவிட்டன.

அறைத்தோழி காஜாங்கில் உள்ள அவள் அக்கா வீட்டுக்கு மாறிப் போய்விட்டாள். பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டு பாக்கியம் ஆன்டி, “நீ தனியா இருக்கேன்னு வெளிய தெரியக்கூடாது லா. ஆம்பள செருப்பு ஒண்ணு வாசல்ல போட்டு வை” என்றார். பாசார் சந்தையில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். பளபளவென்று இருக்கிறது, யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த பார்சலில் பருப்புப்பொடியோடு, குதிகால் தேய்ந்த உங்கள் பழைய ரப்பர் செருப்பையும் தனிப் பையில் வையுங்கள். கழுவ வேண்டாம்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கல்லூரி விட்டு வந்து வாசலில் அந்தச் செருப்பைப் பார்த்ததும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று தினமும் ஒரு நொடி ஏமாந்துபோகிறேன். ஏமாறுவதுதான் ஏமாறுகிறேன், உங்கள் செருப்பாக இருக்கட்டுமே அப்பா.

அபிராமி