டெலிபோன்காரி வேடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ தைத்து அனுப்பிய கவுன் நேற்றே வந்துவிட்டது. இடுப்பு கச்சிதம், கை மட்டும் அரை அங்குலம் நீளம். நானே மடித்துத் தைத்துக்கொண்டேன், திட்டாதே. பதினேழு வயதில் கோரஸில் கடைசி வரிசையில் நின்று ஆடத் தொடங்கியவள், இருபத்தோரு வருஷம் கழித்து முதல் முறையாக போஸ்டரில் என் மூஞ்சி! சிரிப்புப் பாட்டு நாடகத்தில் டெலிபோன்காரி வேடம். மூன்று பாட்டு எனக்கே எனக்கு. நான் வாயைத் திறந்தாலே ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. தெருவில் போனால் "டெலிபோன்காரி, டெலிபோன்காரி" என்று கூப்பிடுகிறார்கள்.

நீ பார்க்க வர வேண்டாம் அக்கா. அரங்கில் ஒரே புழுக்கம், உனக்கு ஒத்துக்கொள்ளாது. லீவு கிடைத்ததும் நானே வருகிறேன்.

உன்
வாலு


மார்ச் 29

அடி வாலு,

கை நீளம் என் தப்பு இல்லை, நீதான் மெலிந்துவிட்டாய். ஒழுங்காகச் சாப்பிடு.

மூன்று கடிதமாக வராதே, வராதே என்கிறாய். உன்னைப் பார்க்க எனக்கு என்னடி புழுக்கம்? எங்கள் தையல் கடை கட்டிங் மாஸ்டர் போன வாரம் நாடகம் பார்த்துவிட்டு வந்தார். துணி வெட்டும்போது உன் பாட்டை முணுமுணுக்கிறார். நான் உள்ளே வந்தால் சட்டென்று நிறுத்திவிடுகிறார். "என்ன மா... மாஸ்டர்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று கத்தரிக்கோலைத் தேடினார். கையிலேயே இருந்தது.

பேச முடியாததை எல்லாம் உனக்கு எழுதித்தான் தீர்க்கிறேன். என் நாக்கு திக்கினாலும் பேனா திக்காதே. பன்னிரண்டாம் தேதி மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடைசி வரிசைதான், பதறாதே.

அக்கா


ஏப்ரல் 13

வாலு,

நேற்று நாடகம் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் வந்து உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

நான் தைத்த கவுனில் நீ வந்து நின்றதும் முதலில் கை தட்டியது நான்தான். நீ போனை எடுத்து "ஹ... ஹ... ஹலோ" என்று பாடத் தொடங்கியதும் சிரித்தும்விட்டேன். பிறகு, சொல் வராதபோது தொடையில் இரண்டு தட்டு தட்டினாய். அது என் கை, வாலு. கண்ணை இறுக்கி மூடுவது, கழுத்தை வெட்டி இழுப்பது, எல்லாம் நான். பக்கத்தில் இருந்த அம்மாள் சிரிப்பு தாங்காமல் என் தோளில் சாய்ந்தாள்.

வெளியே வந்து, குடை வாங்கி வைக்கும் கவுண்டரில் என் குடையைக் கேட்டேன். "கு... கு..." கை தானாகத் தொடைக்குப் போயிற்று. அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்படியே பண்றீங்களே! இன்னொரு வாட்டி பண்ணுங்க" என்றான். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். குடையை விட்டுவிட்டு மழையில் நடந்தேன்.

பாடும்போது எனக்குத் திக்காது என்று உனக்குத் தெரியாதா? அம்மா போன பிறகு குளி, சாப்பிடு, தலையைக் காட்டு என்று எல்லாவற்றையும் உனக்கு ராகம் போட்டுத்தானே சொன்னேன்? என்னைப் பாட்டிலும் திக்க வைத்துவிட்டாயே.

அக்கா


மே 26

அக்கா, என் அக்கா,

நான் எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை. திட்டியாவது எழுது.

நாடகம் தொடங்கும் முன், ஒத்திகையில் என் வேடத்துக்கு யாருமே சிரிக்கவில்லை. "சிரிப்பே வரல. நாளைக்கு வேற ஆள் பாக்கறேன்" என்றார் டைரக்டர். பயத்தில் என் வாயில் நீ வந்துவிட்டாய். அறையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு என்னால் விட முடியவில்லை. வெட்கங்கெட்டவள் நான்.

உன் கடிதம் வந்த அன்றே திக்காமல் பாடினேன். ஜனம் கூச்சல் போட்டது. மறுநாள் வேடத்தைக் கோரஸ் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு உடம்பு முடியாமல் போனால் ஆட ஒருத்தி வேண்டுமே என்று, அந்தத் தொடைத் தட்டு உட்பட எல்லாம் நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். என்னைவிட நன்றாகச் செய்கிறாளாம். அடுத்த மாதம் ஊர் ஊராகப் போகிறார்கள். அந்தத் திக்கலை நிறுத்தச் சொல்லி டைரக்டர் காலில் விழுந்தேன். "உங்க அக்காவ யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

எனக்கு இனி மேடையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டு கிடக்கிறேன், போதும்.

உன்
வாலு


மே 29

வாலு,

வர வேண்டாம்.

கோபம் இல்லை. நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கடையில் இப்போது யாரோடும் பேசுவதில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டுகிறேன். மெஷினில் உட்கார்ந்து பழையபடி பாடிப் பார்த்தேன். முதல் வரியிலேயே கை தொடைக்குப் போகிறது. அதையும் விட்டுவிட்டேன். இதெல்லாம் பழகிவிடும்.

ஆனால் நீ வந்தால் பேச வேண்டியிருக்கும். நான் பேசும்போது நீ என் வாயையே பார்ப்பாய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். என் மேல் இருக்கிற ஆசை என்று நினைத்திருந்தேன். ஆசைதான், இப்போதும் நம்புகிறேன். ஆனாலும் உன் எதிரில் வாய் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா