நீ பார்க்காத நிலா

கே.கே. நகர்,
மதுரை.

அன்பு விஸ்வநாத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அது பாதிதான் உண்மை. நீயும் பிருந்தாவும் மெல்போர்னில் சுகமாக இருக்க மீனாட்சி துணையிருக்கட்டும்.

உனக்கு அங்கே வேலை நிலைக்க வேண்டுமென்று அம்மா மாசாமாசம் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கிறாளே, நிலாவைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. சர்க்கரை உடம்புக்கு இதெல்லாம் ஆகாது என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன், கேட்டால்தானே. போதாக்குறைக்குக் கிழக்கே ஒரு அபார்ட்மெண்ட் எழுப்பிவிட்டார்கள். காலண்டரில் போட்ட நேரத்துக்கு ஊருக்கெல்லாம் நிலா வந்துவிடுகிறது, நம் மொட்டைமாடிக்கு மட்டும் அந்தக் கட்டடத்தைத் தாண்டி ஆடி அசைந்து வருகிறது. வண்டியூர் கண்மாய்க் கரைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன் என்றால், சொந்த வீட்டிலிருந்து பார்த்தால்தான் கணக்காம். ஆவணியில் மாடிப்படியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒரு வழி சொன்னேன், அவன் ஊரில் நிலா நமக்கு முன்னாலேயே எழும்பிவிடும், பிள்ளை வீடும் சொந்த வீடுதானே, அவன் பால்கனியிலிருந்து பார்த்துச் சொன்னால் நீ சாப்பிடலாம் என்று. அதிசயமாக ஒத்துக்கொண்டாள்.

நீ செய்த காரியம் என்ன? போன சதுர்த்திக்குப் போன் பண்ணி, பார்த்துட்டேம்மா, பளிச்சுன்னு இருக்கு, சாப்பிடுன்னு சொன்னாய். அவளும் சந்தோஷமாகத் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வாய் வைப்பதற்குள் பிருந்தா வேறு எதற்கோ கூப்பிட்டு, காலையிலிருந்து ஒரே மழை, வானமே தெரியலை, இவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம். அம்மா தட்டை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாய், அது எனக்கும் புரிகிறது. அவளிடமும் அதையே சொன்னேன். அதற்கு அவள், பசி கிடக்கட்டும், அவன் ஒரு நாளாவது வெளியே வந்து நிற்பான், அவன் பார்த்த நிலாவையே அப்புறம் நானும் பார்ப்பேன் என்றுதான் சரியென்றேன் என்றாள்.

வருகிற சதுர்த்திக்குப் பால்கனிக்குப் போய்ப் பார். மேகமாக இருந்தால் மேகம் என்றே சொல். அவள் காத்திருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
சாம்பசிவம்